முதலில் பல், பிறகு வேர்

அத்தை, உன் பல் வந்துவிட்டது.

தீப்பெட்டியில் பாதி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், நுரைப் பஞ்சுக்கு நடுவே படுத்திருக்கிறது. என் மேசைமேல், உயிரியல் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீ ஆசைப்பட்டபடியே அது வெள்ளை வெளேர் என்று இல்லை. பக்கத்துப் பல்லின் பழுப்பை அதற்கும் லேசாக ஏற்றியிருக்கிறார்கள். "புதுசுன்னு யாருக்கும் தெரியக் கூடாதுங்க டாக்டர்" என்று நீ சொன்னதை அவர்கள் மறக்கவில்லை.

போன வாரம் ஒரு நாள் காலை, நான் பள்ளிக்குக் கிளம்பும்போது உன் போன் அடித்தது. உன் காரியம் முடிந்த பிறகும் அதை அணைக்க வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. நான்தான் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், பல் கிளினிக்லேர்ந்து பேசறோம். உங்க கிரவுன் லேபுலேர்ந்து வந்துடுச்சு. கார்த்திகை தீபத்துக்குள்ள வேணும்னு கேட்டிருந்தீங்களே, எப்ப வர்றீங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிங்க, வர்றோம்" என்றேன். நீ பக்கத்து அறையில் தலை வாரிக்கொண்டிருப்பது போல. போனை வைத்த பிறகு காதெல்லாம் சுட்டது. இறந்துவிட்டாய் என்று ஒரு அந்நியரிடம் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அதைவிடப் பெரிய ஒன்றை வீட்டிலேயே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தவள்தானே நான்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த பஸ் சடாரென்று பிரேக் போட்டதும், முன் சீட்டுக் கம்பியில் உன் முகம் மோதியதும், மேல் வரிசை முன் பல் ஒன்று வேரோடு கையில் வந்ததும் எல்லாருக்கும் தெரியும். மற்ற பெண்களாக இருந்தால் ஒரு பல் போனதை அப்படியே விட்டிருப்பார்கள். உனக்கு வாய்தான் வாழ்க்கை. பகலெல்லாம் கலெக்டர் ஆபீஸ் எதிரே, கடைக்கார அக்காவின் ஜெராக்ஸ் கடையில், மனு எழுத வருகிறவர்களிடம் பேசிப் பேசி விவரம் வாங்கி டைப் அடிக்க வேண்டும். பௌர்ணமி கிரிவலம் என்றால் சாயங்காலமே அடி அண்ணாமலைப் பக்கம் போடும் உதவிப் பந்தலுக்குப் போய் மைக் முன்னால் உட்கார்ந்துவிடுவாய். கூட்டத்தில் தொலைந்த குழந்தைகளும் பெரியவர்களும் உன் குரலைக் கேட்டுத்தான் பந்தலுக்கு வந்து சேர்வார்கள். பல் போன பிறகு 'ச' எல்லாம் காற்றாகப் போனது. நீ பந்தலுக்குப் போவதை நிறுத்திவிட்டாய். கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றாய்.

அப்புறம் கழட்டி மாட்டுகிற பல் ஒன்று வாங்கினாய். மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் தகட்டில் ஒரே ஒரு பல். கீழ்பென்னாத்தூரில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில், பந்தியில், பாயசம் குடிக்கும்போது அது நழுவி இலைமேல் விழுந்தது. எல்லாரும் உன் இலையைப் பார்த்தார்கள். அப்பாதான் ஆரம்பித்தார்.

"எக்கா, பாயசத்துல முந்திரி கம்மினு சொன்னியே, இன்னா பெருசா ஒண்ணு கெடச்சிடுச்சு பாரு!"

பந்தி முழுக்கச் சிரித்தது. அப்பா கெட்டவர் இல்லை. கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டைக்கு நடுவே நாளெல்லாம் கிண்டல் பேசியே பழகியவர். நானும் சிரித்தேன் அத்தை. பல் தெரியாமல், குனிந்துகொண்டு. ஆனால் சிரித்தேன். நீ தகட்டைத் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டு, இலையை மூடிவிட்டு எழுந்தாய். அதற்குப் பிறகு யார் வீட்டுப் பந்தியிலும் நீ உட்காரவில்லை. பேசும்போதெல்லாம் இடது கை வாய்க்குப் போய்விடும். பிறகு சிரிப்பே வராமல் போனது. கைக்கும் வேலை இல்லாமல் போனது.

கிளினிக்குக்கு என்னைக் கூட்டிப்போகிறாய் என்று முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. "நீதான் இங்கிலீஷ் நல்லாப் படிப்பே. டாக்டர் ஏதாச்சும் புரியாமப் பேசினா எனக்குச் சொல்லு." ஆனால் அந்த டாக்டரம்மா நம் ஊர்த் தமிழில்தான் பேசினார். ஒரு தாளில் படம் போட்டார்.

"இம்பிளாண்ட்னா எல்லாரும் முழுப் பல்லுன்னு நெனைப்பாங்க. கெடையாது. எலும்புக்குள்ள போற இந்த டைட்டானியம் ஸ்க்ரூ மட்டும்தான் இம்பிளாண்ட். இது வேருக்குப் பதிலா. அதுக்கு மேல, ஈறத் தாண்டி வெளிய வர்ற துண்டு அபட்மெண்ட். அது மேல உக்கார்ற பல்லுதான் கிரவுன். மூணும் தனித்தனி."

நான் உடனே, "அப்போ முதல்ல ஸ்க்ரூவை எங்க வைக்கறதுன்னு பார்ப்பீங்களா டாக்டர்?" என்றேன். வகுப்பில் கை தூக்குவது போல அங்கேயும் தூக்கினேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ கேலி செய்தாய்.

"அங்கதான் தப்பு நடக்கும்" என்றார் அவர். "எலும்பு எங்க இருக்குதோ அங்க ஸ்க்ரூவ வச்சுட்டு, அப்புறம் அது மேல பல்ல வச்சா, பல்லு கோணையா நிக்கும். முன் பல்லாச்சே, மூஞ்சில தெரியும். அதனால தலைகீழாப் போவணும். மொதல்ல பல்லு எங்க நிக்கணும்னு முடிவு பண்ணணும். அப்புறம்தான் வேரு."

உன் வாயை அச்செடுத்து மாவுக்கல் மாதிரி வெள்ளையாக ஒரு தாடை செய்து வைத்திருந்தார். இடைவெளியில் மெழுகால் ஒரு பல். அதை நீ உள்ளங்கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். எலும்பின் அகலம் பார்க்கத் தலையைச் சுற்றி ஓடும் எக்ஸ்ரே எடுத்தார்கள். பல் போன இடத்தில் எலும்பு மெலிந்திருந்தது. வேலை இல்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்ளாது, கரைத்துவிடும் என்றார் டாக்டர். கொஞ்சம் எலும்புத் தூள் வைக்க வேண்டியிருக்கும், பக்கத்து வேர்களை உரசாமல் தள்ளி வைக்க வேண்டும், சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நீ தலையாட்டினாய். கடைசியில்தான் மாட்டிக்கொண்டாய்.

"இப்ப நல்லா சிரிங்க" என்றார், கேமராவை எடுத்துக்கொண்டு. "சிரிக்கறப்ப உதடு எவ்ளோ மேல போவுதுன்னு தெரியணும். ஈறு தெரியுமா தெரியாதான்னு பார்க்காம பிளான் பண்ண முடியாது."

நீ உதட்டை இழுத்தாய். அது சிரிப்பு இல்லை.

"வரலைங்க" என்றாய். "சும்மா எப்படிங்க வரும்?"

"வராம எப்படி? இது டெஸ்ட் மாதிரிதான். ரத்தம் எடுக்கறோம் இல்ல, அந்த மாதிரி." அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உன் அத்தைதானே, நீ சிரிக்க வை."

எனக்குள் எங்கிருந்தோ உன் மைக் குரல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். "பக்த கோடிகளின் கவனத்திற்கு. வேங்கிக்காலைச் சேர்ந்த சிரிப்பு ஒன்று கூட்டத்தில் காணாமல் போய்விட்டது. பச்சை நிறச் சேலை உடுத்தியுள்ளது. அதைக் கண்டவர்கள் உடனடியாக உதவி மையத்தில் ஒப்படைக்கவும்."

நீ வெடித்துவிட்டாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இடைவெளி தெரிய, ஈறு தெரிய, கண்ணில் தண்ணீர் வர. கை வாய்க்குப் போவதற்குள் டாக்டர் படம் எடுத்துவிட்டார். "போதும், போதும், கெடச்சிடுச்சு" என்று அவரும் சிரித்தார்.

அன்றைக்கு பஸ்ஸில் என்னிடம் சத்தியம் வாங்கினாய். "உங்க அப்பன்கிட்ட மூச்சு விடக் கூடாது. பல்லு கட்டி முடிஞ்சதும் தீபத்தன்னிக்கு நானே பந்தில உக்காந்து, அவன் எதிர்ல பொரி உருண்டையைக் கடிச்சுக் காட்டி, சிரிக்கறேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது."

ஸ்க்ரூ வைத்த பிறகு மாதக்கணக்கில் காத்திருந்தோம். எலும்பு அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ள அத்தனை காலம் வேண்டும், நடுவில் அதன்மேல் அழுத்தம் படக் கூடாது என்றார்கள். பழைய தகட்டை ஸ்க்ரூவில் படாதபடி அடியில் தேய்த்துக் கொடுத்தார்கள். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு ஒரு நாள், ஸ்க்ரூவின் தலையில் சின்ன மூடி ஒன்றை மாட்டி, கிரவுனுக்கு அளவெடுத்து அனுப்பினார்கள். அன்று மாலை சமையலறையில் அம்மாவுக்குக் கேட்காமல் என் காதில் சொன்னாய்: "எலும்பு புடிச்சுக்கிச்சாம்டி. ஆட்டிப் பார்த்தாங்க, ஆடவே இல்ல."

அந்த வாரமே ஒரு காலையில் குளியலறையில் நீ விழுந்தாய். பெரியாஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள்.

இதை எழுதக் கூசுகிறது. உன்னைக் கூடத்தில் கிடத்தி, தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டியபோது எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நான் என்ன நினைத்தேன் என்றால், 'உள்ளே மூடி போட்ட ஸ்க்ரூ இருக்கிறது, எலும்பு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு இவள் இறந்தது தெரியாது' என்று. டாக்டரிடம் கற்ற பெயர்களெல்லாம், இம்பிளாண்ட், அபட்மெண்ட், கிரவுன் என்று, வரிசையாக மனசுக்குள் வந்து நின்றன. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது. வார்த்தைகளைச் சேர்த்து வைக்கிற ஆசையில் நான் எப்படிப்பட்டவளாக ஆகிவிட்டேன் என்று அன்றைக்குப் பயந்தேன்.

மறுநாள் பால் தெளிக்கப் போன அப்பா, எலும்பு பொறுக்கும்போது சாம்பலில் ஒரு ஆணி கிடைத்தது என்று கொண்டு வந்தார். சின்னது, மரை போட்டது, நீலம் பாய்ந்த சாம்பல் நிறம்.

"பாடைல ஏது ஆணி? மூங்கிலும் கயிறும்தானே?" என்று கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"சுடுகாட்டுப் பொருளை வாசப்படி தாண்ட விடாத" என்று அம்மா கத்தினாள். அப்பா அதைச் சுற்றுச்சுவர்மேல், உடைந்த ஓட்டுத் துண்டுக்கு அடியில் வைத்துவிட்டுக் குளித்தார்.

அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியம் ஒன்று. இன்னொன்று, சொன்னால் உன் பல் மறுபடி பேச்சாகிவிடுமே என்ற பயம். செத்த வீட்டில் அழுது களைத்தவர்கள் சின்ன விஷயத்துக்கும் சிரித்துவிடுவார்கள், பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு உன்மேல் விழக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

நான் விட்ட இடத்தில் அம்மாவின் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. "நல்லா இருந்தவ எப்படி திடீர்னு விழுவா? உடம்புக்குள்ள ஆணி எப்படிப் போச்சு? சோத்துலதான் போயிருக்கணும். செய்வினைதான் இது." நீ விழுந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் கடைக்கார அக்கா கடையில் எள்ளுருண்டை கொடுத்ததாக நீ சொன்னது அம்மாவுக்கு நினைவு வந்தது. அவ்வளவுதான். அப்பா "சேச்சே" என்றார், ஆனால் சத்தமாக இல்லை.

உன் காரியத்துக்கு அந்த அக்கா மாலையோடு வந்தார். உன்னோடு அத்தனை வருஷம் ஒரே மேசையில் டீ குடித்தவர். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. சாப்பிட உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. கேட் பக்கமே கொஞ்ச நேரம் நின்றார். என் கையைப் பிடித்து, "இன்னாம்மா, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

நான் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும், அந்த ஓட்டுத் துண்டு.

கிளினிக்கிலிருந்து போன் வந்த அன்று வகுப்பில் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. பல் வந்துவிட்டது, அதை வாங்க ஆள் இல்லை, வேரைச் செய்வினை என்கிறார்கள், ஒரு பெண் காரணம் தெரியாமல் அவமானப்பட்டுப் போயிருக்கிறார். எல்லாவற்றுக்கும் பதில் என்னிடம் இருக்கிறது. நான் உன் சிரிப்பைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் சிநேகிதியைப் பலிகொடுத்துவிட்டேன்.

மாலையில் அப்பா மண்டியிலிருந்து வந்து குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஓட்டுத் துண்டைத் தூக்கி அதை எடுத்தேன்.

"அதைத் தொடாதடி!" என்றாள் அம்மா.

"அப்பா, இது ஆணி இல்ல. அத்தையோட பல்லு."

"ஆணில இன்னாடி பல்லு?" என்றார் அப்பா.

சொன்னேன். ஸ்க்ரூ, நடுத்துண்டு, மேல் பல், எலும்புத் தூள், காத்திருந்த மாதங்கள். வகுப்பில் ஒப்பிக்கிற குரலில்தான் வந்தது. வேறு குரலில் சொன்னால் அழுதுவிடுவேன். அப்பா ஈரக் கையோடு நின்றார். குழாயை மூட மறந்துவிட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல அது? நான் அதோட தம்பிதானே?"

அம்மாதான் மெதுவாகச் சொன்னாள். "வளைகாப்புல, எல மேல விழுந்துச்சே. அன்னிக்கு."

அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தக் கிண்டலின் ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு நினைவு வருவது முகத்தில் தெரிந்தது. அம்மா துணியை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். "அந்தப் பொண்ணுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல நான்" என்று தனக்குத்தானே இரண்டு முறை சொன்னாள்.

மறுநாள் அப்பாவே என்னோடு கிளினிக்குக்கு வந்தார். நீ இறந்ததைக் கேட்டு டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு எழுந்தார். பிறகு டப்பாவைக் கொடுத்தார். மெழுகுப் பல் வைத்த அந்த வெள்ளைத் தாடையையும் காட்டினார். அப்பா, "படம் ஏதாச்சும் இருக்குதுங்களா? வீட்டுல இருக்கறது எல்லாத்துலயும் வாயை மூடிக்கிட்டே நிக்குது" என்றார். டாக்டர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

நீ சிரித்துக்கொண்டிருந்தாய். பச்சைச் சேலையில், ஈறு தெரிய, ஒரு பல் இல்லாமல்.

அப்பா நெடுநேரம் பார்த்தார். "இன்னாத்துக்கு இப்படிச் சிரிக்குது?" என்று கேட்டார். நான் அந்த அறிவிப்பைச் சொல்லிக் காட்டினேன். மூக்கைப் பிடிக்காமல், சாதாரணக் குரலில். அவர் சிரிக்கவில்லை. "அதை எனக்கு அனுப்பி வையுங்க" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் வண்டியை ஜெராக்ஸ் கடைமுன் நிறுத்தினார். உன் நாற்காலியில் யாரும் இல்லை. அதன்மேல் தாள் கட்டுகள். கடைக்கார அக்கா எழுந்து நின்றார். "வாங்கண்ணா" என்றார், பயந்துகொண்டே. அப்பா பேச ஆரம்பித்தார். ஆணி, அம்மா சொன்னது, காரியத்தன்று நடந்தது. ஒன்றையும் விடாமல் சொன்னார். சொல்லும்போது அவர் இடது கை தானாக எழுந்து வாயை மறைத்துக்கொண்டது அத்தை. நீ மறைப்பாயே, அதே போல. கைக்குப் பின்னாலிருந்து வார்த்தைகள் பாதி பாதியாக வந்தன.

"எள்ளுருண்டையாண்ணா?" என்றார் அந்த அக்கா. "பல்லுல படும்னு அது அதைத் தொடவே இல்ல. இங்கதான் டப்பாவுல இருக்குது. என்னால தூக்கிப் போட முடியல." சொல்லிவிட்டு அழுதார். அம்மா அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா திரும்பி வந்தபோது அவள் முகம் வீங்கியிருந்தது. மன்னித்துவிட்டாரா என்று கேட்க எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை.

நாளை பல்லையும் ஸ்க்ரூவையும் ஆற்றில் விடத் தென்பெண்ணைக்குப் போகிறோம். ஸ்க்ரூவின் தலையிலிருந்த மூடி நெருப்பில் இறுகிப்போய்விட்டது. கிரவுன் அதில் உட்காரவில்லை. எத்தனை முறை முயன்றாலும் உட்காரவில்லை. அப்பாவிடம் காட்டினேன். "நூல் போட்டுக் கட்டும்மா" என்றார். "மேல பல்லு, கீழ வேரு. டாக்டரம்மா சொன்ன மாதிரி." மஞ்சள் நூலில், பல்லை முதலில் வைத்து, பிறகு வேரைச் சேர்த்துக் கட்டப்போகிறேன். அதற்கு முன் ஒருமுறை உன்னிடம் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

கூடத்தில் மாலை போட்டிருப்பது அந்தப் படம்தான். வருகிறவர்கள் சட்டென்று பார்த்துவிட்டுத் தயங்குகிறார்கள். பல் இல்லாத படத்தையா மாட்டினீர்கள் என்று கேட்கவும் கேட்கிறார்கள். அப்பா, "எங்க அக்கா சிரிக்கறது அப்படித்தாங்க" என்கிறார்.

உன்னிடமிருந்து எனக்கு வந்தது ஒன்று இருக்கிறது. எனக்கு முப்பத்திரண்டும் ஒழுங்காகத்தான் முளைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் இப்போதெல்லாம் சிரிப்பு வந்தால் என் இடது கை வாயை நோக்கி எழுகிறது. அது பாதி தூரம் வரும்போது உன் ஞாபகம் வருகிறது. கையைக் கீழே இறக்கிக்கொள்கிறேன்.